பேச்சு எங்கே மாட்டிக்கொண்டது? வீட்டுச் சண்டை, வரப்புச் சண்டைக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் முறை

மோட்டார் ஓடவில்லை என்றால் யாரும் நேராகக் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. கரண்ட் இருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறோம். சண்டை என்று வந்தால் மட்டும் எடுத்த எடுப்பில் "தப்பு யார் மேல்?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்து முடிந்த சண்டையை நான் பார்த்ததில்லை. பேச்சு எந்த இடத்தில் நின்றுபோனது என்று தேடிக் கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் சரிசெய்தபோது முடிந்த சண்டைகள் நிறைய.

கேரள எல்லையில், பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் பக்கம் வாழ்கிற நமக்கு இது கூடுதலாகவே வேண்டியிருக்கிறது. வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். அண்ணன் இந்தப் பக்கம் தென்னை வைத்திருப்பார், தம்பி கோயம்புத்தூரில் வேலைக்குப் போவான். சம்பந்தம் இரண்டு பக்கமும். தண்ணீரோ எப்போதும் குறைவு. அதனால் கீழே வருகிற உதாரணங்கள் எல்லாம் இந்த மண்ணைச் சேர்ந்தவை. உங்கள் வீட்டில் எந்த அறிகுறி தெரிகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்ய வேண்டியதில்லை. கீழே முதலில் இருப்பதை மட்டும் யாரும் தாண்டிப் போகக் கூடாது.

எதற்கும் முன்னால்: யாருக்காவது பயம் இருக்கிறதா?

அடி, மிரட்டல், வெளியே போகவிடாமல் வைத்திருப்பது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, செலவுக்குப் பணம் தராமல் தவிக்கவிடுவது. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிடுங்கள். பயந்திருக்கிற ஒருவரை உட்காரவைத்து "கொஞ்சம் விட்டுக்கொடும்மா" என்று சொல்வதற்குச் சமரசம் என்று பெயரில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அடியை மட்டும் வன்முறையாகக் கணக்கில் எடுக்கவில்லை. சொல்லால் வதைப்பதும், பணத்தை வைத்து வதைப்பதும் அதில் அடக்கம். பெண்களுக்கு 181, அவசரத்துக்கு 112. இந்த எண்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் வேலை செய்யும், அந்தப் பக்கமும் வேலை செய்யும். முதலில் பாதுகாப்பு, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இருவரும் பயமில்லாமல் எதிரெதிரே உட்கார முடியும் என்றால் மேலே படியுங்கள்.

அறிகுறி: பேச ஆரம்பித்த இரண்டாம் நிமிடமே குரல் ஏறுகிறது

விஷயத்தைத் தொடாதீர்கள். முதலில் நேரத்தையும் உடம்பையும் பாருங்கள்.

சாயங்காலம் ஆறரை மணி. வேலையிலிருந்து வந்து இன்னும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, பசி வேறு. அந்த நேரத்தில் வாசலில் வைத்தே "அந்த வேலி விஷயம் என்னாச்சு?" என்று கேட்டால் எந்த விஷயமும் சண்டையாகத்தான் ஆகும். கள்ளோ மற்றதோ உள்ளே போயிருந்தால் அன்றைக்குப் பேச்சே வேண்டாம். எவ்வளவு நல்ல வார்த்தை சொன்னாலும் மறுநாள் அது நினைவில் இருக்காது, கெட்ட வார்த்தை மட்டும் நிற்கும்.

தம்பதிகள் பேசிக்கொள்வதைப் பல பத்தாண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருந்தால்தான் உடம்பு தணியும் என்பது அவர் சொல்வது. ஒரு பேச்சு தொடங்கும் விதத்தை வைத்தே அது எப்படி முடியும் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதையும் அவர் காட்டியிருக்கிறார். ஆகவே செய்ய வேண்டியது இரண்டு.

ஒன்று, எழுந்து போங்கள், ஆனால் திரும்பி வரும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். "எனக்கு இப்ப தலை சூடா இருக்குண்ணா. சாப்பிட்டுட்டு எட்டரைக்கு உட்காரலாம்." நேரம் சொல்லாமல் எழுந்து போனால் மதிக்கவில்லை என்றுதான் மற்றவர் எடுத்துக்கொள்வார். எழுந்து போன இடத்தில் அடுத்து என்ன பதிலடி கொடுக்கலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தால் அந்த 20 நிமிடம் வீண். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுங்கள், தோட்டத்தில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

இரண்டு, முதல் வாக்கியத்தை மாற்றுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்று தொடங்கினால் எதிராளி தன் முழு வாழ்க்கைக்கும் வக்கீலாகி நிற்க வேண்டியிருக்கும். "நேத்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் மோட்டார் ஓடுச்சு, எங்க தொட்டியில தண்ணி ஏறலை, காலைல குழந்தையைக் குளிப்பாட்டாமலே ஸ்கூலுக்கு அனுப்பினேன்" என்று சொன்னால் பேச ஒரு விஷயம் கிடைக்கிறது. நடந்தது என்ன, அதனால் எனக்கு என்ன ஆனது, எனக்கு என்ன வேண்டும். இந்த மூன்றும் போதும். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.

அறிகுறி: ஒரே விஷயத்தை மாதக்கணக்கில் பேசியும் ஒரு அங்குலம் நகரவில்லை

இந்தப் பழுதுதான் மிக அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கலாம்.

எருத்தேம்பதிப் பக்கம் அண்ணன், தம்பிக்குப் பொதுவாக ஒரு கிணறு. கரண்ட் கனெக்‌ஷன் அண்ணன் பெயரில். பாகம் பிரித்தபோது "கிணறு பொது" என்று ஆதாரத்தில் (பத்திரத்தில்) ஒரு வரி எழுதியதோடு சரி. கோடை வந்து தண்ணீர் இறங்கியதும் சண்டை தொடங்கியது. அண்ணன் கேட்டது பகல் முறை. தம்பி கேட்டதும் பகல் முறை. பெரியவர்கள் வந்து "திங்கள், புதன், வெள்ளி உனக்கு, செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு" என்று பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார்கள். நியாயமான தீர்ப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டே வாரத்தில் மறுபடி சண்டை, இந்த முறை பைப்பை வெட்டும் அளவுக்கு.

யாருமே கேட்காத கேள்வி ஒன்று இருந்தது: "பகல் எதுக்கு வேணும்?" அதைத் தனித்தனியாகக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணனுக்கு முட்டி வலி. ராத்திரியில் வரப்பில் நடக்க முடியாது, பன்றி பயமும் உண்டு. அவர் தோப்பில் இருப்பது காய்க்கிற தென்னை. நாலைந்து நாளுக்கு ஒரு முறை நின்று பாய்ந்தால் போதும். தம்பி காலையிலேயே வேலந்தாவளம் வழியாக பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவன். ஆறு நாளும் பகலில் அவன் ஊரிலேயே இல்லை! அவன் பகல் முறை கேட்டது புதிதாக நட்ட தென்னம்பிள்ளைகளுக்காக. அதற்குக் கொஞ்சம் தண்ணீர்தான் வேண்டும், ஆனால் அடிக்கடி வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற முறை அவன் பிள்ளைகளைக் காயவைத்தது. அண்ணனுக்கோ தேவையில்லாத நாளில் முறை வந்து, தேவையான நாளில் இல்லாமல் போனது.

கடைசியில் நின்ற ஏற்பாடு இது: தினமும் விடியற்காலை ஒரு மணி நேரம் தம்பியின் சொட்டுநீர்க் குழாய்க்கு, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தம்பிக்கு, மற்றப் பகலெல்லாம் அண்ணனுக்கு. கரண்ட் பில்லை மணிக்கணக்குப்படி பிரித்துக்கொள்வது. மணியை எண்ணிப் பார்த்தால் இது பாதிப் பாதி வராது. ஆனால் இருவருக்கும் இது முன்னதைவிட நல்லது. அந்தக் கிணற்றில் தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை. கேள்வி மாறியது, அவ்வளவுதான்.

இதைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர்களில் ஒருவர் மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1925-இல் ஆற்றிய உரையில் சண்டை முடிய மூன்று வழி உண்டு என்றார். ஒருவர் மற்றவரை அடக்குவது, இருவரும் கொஞ்சம் கொஞ்சம் இழந்து சமரசமாவது, இருவர் தேவையும் நிறைவேறும்படி இணைப்பது. அவர் சொன்ன சம்பவம் மிகச் சாதாரணமானது. நூலகத்தின் ஒரு சின்ன அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். ஆள் இல்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்குக் காற்று கிடைத்தது, இவர் மேல் வாடைக்காற்று நேராக அடிப்பதும் நின்றது. ஜன்னலைப் பாதி திறந்து வைத்திருந்தால் இருவருக்குமே குறைதான்.

நம் பக்கத்துப் பெரிய வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முல்லைப் பெரியாறு. 1886-இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் 999 ஆண்டுக் குத்தகை, 1895-இல் அணை முடிந்தது. பல ஆண்டுகளாகப் பேச்சு முழுவதும் அடிக்கணக்கில் நடந்தது. 136 அடியா, 142 அடியா என்று. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அடி என்பது கேட்கிற கணக்கு. அதற்குக் கீழே இருக்கும் தேவை வேறு. தேனி, மதுரைப் பக்கம் வயலுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் வேண்டும். அணைக்குக் கீழே இருக்கிற இடுக்கிக்காரர்களுக்கு ராத்திரி நிம்மதியான தூக்கம் வேண்டும். "கேரளத்துக்குப் பாதுகாப்பு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர்" என்று ஒரே வரியில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிற குரல் கேரளத்திலேயே உண்டு. வழக்கு இன்னும் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் அடியை மட்டும் பேசும்போது ஒருவர் ஜெயித்தால் மற்றவர் தோற்றே ஆக வேண்டும். தேவையைப் பேசும்போது அந்தக் கட்டாயம் இல்லை. 2011 டிசம்பரில் குமுளியிலும் கம்பத்திலும் நடந்த கலவரத்தை நினைத்துப் பாருங்கள், முதல் வழி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியும்.

வீட்டில் இதைச் செய்யும் முறை சுலபம். எதிராளி கேட்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அதற்குக் கீழே "இது எதற்காக?" என்று எழுதி, அவரிடமே கேட்டு நிரப்புங்கள். நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம், ஊகம் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். அப்புறம் உங்களுடையதையும் அதே மாதிரி எழுதுங்கள். இரண்டு "எதற்காக"வும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் பேச்சு தானே வேறு பக்கம் திரும்பும். கேட்கும்போது குறுக்கு விசாரணைத் தொனி மட்டும் வேண்டாம். "எதுக்குக் கேக்கறேன்னா, புரிஞ்சா ஏதாவது வழி பண்ணலாமேன்னு" என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

அறிகுறி: வேலியைப் பற்றிப் பேசினால் அப்பா சாவு வரைக்கும் போகிறது

ஒரு மூட்டையில் பத்துச் சண்டை கட்டிக் கிடக்கிறது. வேலி ஒன்று, அக்கா கல்யாணத்துக்கு யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஒன்று, அம்மாவை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. மொத்தமாக அவிழ்க்க நினைத்தால் முடியாது.

பழைய கதையை அடக்காதீர்கள். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று வெட்டினால் அது மறுபடி மறுபடி வரும். "அது எனக்கும் ஞாபகம் இருக்கு, அதுக்குத் தனியா ஒரு நாள் உட்காரலாம்" என்று சொல்லி, எல்லோருக்கும் தெரிகிறபடி எழுதிவையுங்கள். சொன்னபடி உட்காரவும் வேண்டும். அதில் ஏமாற்றினால் அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் ஆகச் சிறிய துண்டிலிருந்து தொடங்குங்கள். ஆந்திர எல்லைத் தகராறை அப்படித்தான் முடித்தார்கள். திருத்தணி யாருக்கு, ஆந்திரத்துச் சித்தூர் யாருக்கு என்று தாலுகா தாலுகாவாக முட்டிக்கொண்டிருந்ததை, நடுவராக வந்த படாஸ்கர் கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர் அதிகம், நிலத்தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில ஊர்கள் ஆந்திரப் பக்கம் போயின. எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல முடியாது. சித்தூர் நகரத்தை இழந்த வருத்தம் பலருக்கு இருந்தது. ஆனால் அலகு சிறியதானதால் முடிவு என்று ஒன்று வந்தது. வேலிச் சண்டையிலும் மொத்த வேலியை விடுங்கள். அந்த மூலைப் புளிய மரத்திலிருந்து கிணற்று மேடு வரை மட்டும் முதலில் பேசுங்கள்.

அறிகுறி: "இது மானப் பிரச்சினை" என்று ஒருவர் எழுந்துவிடுகிறார்

விஷயத்தில் அவர் எப்போதோ இறங்கி வந்திருப்பார். இறங்கி வந்ததை நாலு பேர் பார்ப்பதுதான் அவருக்குத் தடை. ஆகவே நாலு பேரைக் குறையுங்கள். சாயாக்கடையிலோ கோயில் வாசலிலோ வைத்துப் பேசாதீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரியும் போடாதீர்கள். அங்கே போட்ட வரியை அழித்தாலும் ஏற்கெனவே பார்த்தவர்கள் மனதிலிருந்து அழியாது. ஒருவர் வீட்டு வாசலுக்கு இன்னொருவர் போய் நிற்பதுகூடத் தோல்வி மாதிரித் தெரியலாம். அப்போது இருவருக்கும் பொதுவான இடம் ஒன்றைப் பாருங்கள்.

இறங்கி வருகிறவருக்கு ஒரு காரணத்தை நீங்களே கையில் கொடுங்கள். "அண்ணா, நீங்க முன்னாடியே சொன்ன மாதிரி அளந்துட்டே பேசலாம்" என்று சொன்னால் யோசனை அவருடையதாகிவிடும். யோசனை யாருடையதாக இருந்தால் என்ன, வேலி நின்றால் சரி.

அறிகுறி: இரண்டு மொழியிலும் கோபம், நடுவில் குழந்தை

எல்லைப்புற வீடுகளுக்கென்றே உள்ள பழுது இது. பக்கத்துத் தோட்டத்துச் சேட்டனோடு தகராறு, அல்லது மலையாளி வீட்டிலிருந்து வந்த மருமகளோடு மனக்கசப்பு. சாதாரணமாகப் பேசும்போது இரண்டு மொழியும் கலந்து அழகாக ஓடும். கோபம் வந்ததும் ஒவ்வொருவரும் அவரவர் மொழிக்குள் போய்விடுவார்கள், ஸ்கூலில் மலையாளம் படிக்கிற பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு "அம்மா என்ன சொல்றாங்க கேளு" என்பார்கள். இதை உடனே நிறுத்துங்கள். பெரியவர்கள் சொல்லும் கடுஞ்சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டிய நிலைக்குப் பிள்ளையைத் தள்ளக் கூடாது. அது அந்தச் சொல்லை மென்மையாக்கிச் சொல்லும், அல்லது பயத்தில் விட்டுவிடும். இரண்டிலும் பேச்சு கெடும்.

இங்கே பெரும்பாலோருக்கு அடுத்த மொழி பேச வராவிட்டாலும் கேட்டால் புரியும். ஆகவே அவரவர் மொழியிலேயே, மெதுவாக, சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசட்டும். ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர் தனக்குப் புரிந்ததைத் தன் மொழியில் திருப்பிச் சொல்லட்டும். "நீங்க சொல்றது, தீபாவளிக்கு இங்க இருக்கேன், ஆனா முதல் ஓணத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகணும், சரிதானே?" ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் அடுத்த வார்த்தை. இது பேச்சின் வேகத்தைக் குறைக்கும், வேகம் குறைந்தாலே பாதிச் சூடு போய்விடும். தேவைப்பட்டால் இரண்டு மொழியும் தெரிந்த, இரண்டு வீட்டுக்கும் வேண்டிய ஒரு பெரியவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வகையில் இன்னொன்று, பிள்ளையை எந்த மீடியத்தில் சேர்ப்பது என்ற சண்டை. தாத்தா தமிழ் மீடியம் என்பார். அம்மா மலையாளம் என்பாள், நாளைக்குக் கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி தேர்வு எழுதுவதற்கு. அப்பா இங்கிலீஷ் மீடியம் என்பார். இதையும் முன்னே சொன்ன "எதற்காக" முறையில்தான் பார்க்க வேண்டும். தாத்தாவின் பயம் பேரன் தன்னோடு பேச முடியாதவனாகிவிடுவானோ என்பது. தினம் சாயங்காலம் அரை மணி நேரம் தாத்தாவே தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆனால், மீடியம் எதுவானாலும் அந்தப் பயம் தீரும்.

அறிகுறி: யாரும் பேசுவதே இல்லை

மௌனம் எப்போதும் கோபம்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என்ன சொல்வது என்று தெரியாமல் இருப்பதும் உண்டு, பேசினால் அழுதுவிடுவோம் என்று இருப்பதும் உண்டு. சண்டையைப் பற்றிப் பேச வேண்டாம். "மழை வர மாதிரி இருக்கு, தேங்காயை உள்ள எடுத்துப் போடட்டுமா?" என்பதுபோல வேலைப் பேச்சில் தொடங்குங்கள். பதில் ஒரு சொல்லில் வந்தாலும் சரி, வழி திறந்தாயிற்று.

அறிகுறி: சண்டையே இல்லை, ஒருவர் மட்டும் எப்போதும் விட்டுக்கொடுக்கிறார்

வெளியிலிருந்து பார்த்தால் பழுதே தெரியாது. எனக்கு மிகவும் கவலை தருகிற அறிகுறி இதுதான். "எங்க வீட்ல பிரச்சினையே கிடையாது, மருமக தங்கமானவ" என்று சொல்லும் வீடுகளில் அந்தத் தங்கம் பல வருஷமாக எதையெல்லாம் விழுங்கியது என்று யாரும் கேட்பதில்லை. விட்டுக்கொடுப்பதற்கும் வேறு வழியில்லாமல் விட்டுவிடுவதற்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

அப்படிப்பட்டவரைத் தனியாக, மற்றவர் காதில் விழாத இடத்தில் கேளுங்கள்: "இந்த ஏற்பாட்டுல உனக்கு என்ன கிடைக்குது?" பதில் சொல்லத் தெரியாமல் நின்றால் ஏற்பாட்டை மாற்ற வேண்டும். எல்லோர் முன்னாலும் "உனக்குச் சம்மதம்தானேம்மா?" என்று கேட்டு வாங்குகிற தலையசைப்பு கணக்கில் வராது.

பாகப்பிரிவினையில் அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது இங்கே சகஜம். "எனக்கு எதுவும் வேண்டாம், அண்ணனோட பேச்சுவார்த்தை இருந்தாப் போதும்" என்று அவள் சொல்லலாம். அது அவள் விருப்பமாகவே இருக்கலாம். ஆனால் சட்டப்படி தனக்கு எவ்வளவு பங்கு, இன்றைய நிலவரத்தில் அதன் மதிப்பு என்ன என்று தெரிந்த பிறகு சொல்லட்டும். தெரியாமல் விட்டுக்கொடுத்தது பத்து வருஷம் கழித்து, அவள் பிள்ளைகள் வாயிலாக, வேறு ரூபத்தில் திரும்பி வரும்.

அறிகுறி: பேசி முடித்தோம், பத்து நாளில் மறுபடி அதே சண்டை

"இனிமே பார்த்து நடந்துக்கலாம்" என்று முடித்திருப்பீர்கள். யார், எதை, எப்போது, எவ்வளவு என்ற நான்கும் அதில் இல்லை.

பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் நம் பாலக்காட்டுச் சித்தூர் வயல்களுக்குத் தண்ணீர் தருவது. 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் என்று முன்தேதியிட்டது. சித்தூர் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, அதை அளக்கும் இடம் மணக்கடவு அணைக்கட்டு என்று அளவும் இடமும் அதில் இருக்கின்றன. அதனால்தான் இத்தனை வருஷம் நிற்கிறது. இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் முணுமுணுப்பு ஏன்? ஆண்டுக் கணக்கு சரியாக வந்தாலும், நாற்றுக்குத் தேவைப்படுகிற வாரத்தில் வந்ததா என்பதுதான் விவசாயியின் கேள்வி. இரு மாநிலமும் உட்காரும் கூட்டு வாரியத்தில் பேச்சு பெரும்பாலும் இதைச் சுற்றித்தான். 30 ஆண்டு முடிந்ததும் மறுபரிசீலனை என்றும் அதில் எழுதியிருந்தார்கள். 1988-இல் நடந்திருக்க வேண்டியது. 2019 செப்டம்பரில் இரு முதலமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்தபோதும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டு உடன்பாட்டில் இந்த மூன்றையும் பாருங்கள். அளவும் இடமும் இருக்கிறதா? நேரம் இருக்கிறதா? திரும்ப உட்காரும் நாள் இருக்கிறதா, அன்றைக்கு யார் கூப்பிட வேண்டும் என்பது இருக்கிறதா? கிணற்று முறை என்றால் கரண்ட் போன நேரத்துக்கு என்ன செய்வது, மோட்டார் காயில் எரிந்தால் செலவு யாருடையது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். நல்ல உறவு இருக்கும்போது இதையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தைப் பார்த்தால் அடுத்த கோடையில் மறுபடி இதே இடத்தில் உட்கார வேண்டிவரும். முதல் மறுபார்வையை ஒரு மாதத்துக்குள் வையுங்கள், எந்த ஏற்பாடும் முதல் தடவையே சரியாக அமைவதில்லை.

அறிகுறி: நடுவில் ஆள் வந்த பிறகு அதிகமாகிவிட்டது

ஆளை மாற்றுங்கள். நடுவர் யாருக்கும் கடன்பட்டவராக இருக்கக் கூடாது, யாருக்கும் கடன் கொடுத்தவராகவும் இருக்கக் கூடாது. வந்த உடனே தீர்ப்புச் சொல்கிறவர் வேண்டாம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகக் கேட்டு, கேட்டதை வெளியே சொல்லாதவர் வேண்டும். கட்சிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டால் எதிர்த்தரப்பு இன்னொரு கட்சிக்காரரைக் கூப்பிடும், அப்புறம் உங்கள் வேலி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஊருக்குள் அப்படி ஆள் இல்லை என்றால் தாலுகா சட்டப்பணிகள் குழுவுக்குப் போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த அமைப்பு இது. நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். கோர்ட்டில் வழக்கே போடாமல் நேராக மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். இருவரும் ஒப்புக்கொண்டால் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக் கொடுப்பார்கள். அங்கே எழுதப்படுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. அதனால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். யோசிக்க நேரம் கேட்டால் கொடுப்பார்கள்.

எல்லைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலத் தகராறு என்றால் நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கோர்ட்தான், நீங்கள் எங்கே குடியிருந்தாலும். நிலத்தில் உரிமையே கை மாறுகிற உடன்பாடு என்றால் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதாது, பதிவு செய்ய வேண்டும். போகும்போது பழைய ஆதாரம், கரம் (நிலவரி) கட்டின ரசீது, ஏற்கெனவே பேசி எழுதிக்கொண்டது ஏதாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளம் படிக்கத் தெரியாது என்றால் அங்கேயே சொல்லுங்கள், எழுதியதை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.